வேடம் புனைந்தாடும் விளையாட்டும் யானும்

மண்டைதீவுப் பழைய மாணவன் ஒருவன்

பழைய மாணவர் மலர்களில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் தாம் வகித்த பதவிகளைப் பற்றி எழுதுவர். அன்றேல், தம்மை ஆளாக்கிய ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றி எழுதுவர். இரண்டும் நல்ல பொருள்களே. ஆயினும், பதவி என்று சொல்லிக்கொள்ள என்னிடம் யாதும் இல்லை. ஆசிரியர்களைப் பற்றி என்னினும் நன்கு எழுத வல்லார் இம்மலரிற் பலர் உளர். எனவே, இதுகாறும் எவரும் தொடாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யான் இரட்டை வாழ்க்கை நடத்தி வருகின்றேன். பகலிலே ரொறன்ரோ நகரில் ஒரு பண்டகசாலையிற் கணக்கெழுதுபவன். இரவிலே, வீட்டார் உறங்கிய பின்னர், கணினித் திரையின் முன்னமர்ந்து, வாளேந்திய வீரனாகவும், மூலிகை பறிக்கும் வைத்தியனாகவும், மந்திரக்கோல் தாங்கிய முனிவனாகவும் ஊர்விட்டு ஊர் திரிபவன். "இந்த வயதிலை உங்களுக்கு உது தேவையோ?" என்று என் மனைவியார் கேட்பதுண்டு. அவருக்கு நேரே விடை சொல்ல எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. இக்கட்டுரையை அவரும் வாசிக்கக்கூடும்.

இளம் மாணவர்களுக்கு இவ்விளையாட்டு யாதென விளக்க வேண்டியதில்லை. மூத்த அன்பர்களுக்காகச் சில சொற்கள் மட்டும். ஆங்கிலத்தில் இதனை றோல் பிளேயிங் கேம் என்பர். வேடம் புனைந்தாடும் விளையாட்டு என்று யான் தமிழாக்கி வைத்திருக்கின்றேன். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் என்பவரும், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் என்பவரும் சேர்ந்து, 1974 ஆம் ஆண்டில் டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற பெயரில் இதனை வெளியிட்டனர். முதன்முதல் அச்சிட்டவை ஆயிரம் படிகளே. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். வலிமை, விரைவு, உடலுறுதி, கல்வியறிவு, மெய்யறிவு, கவர்ச்சி என ஆறு குணங்களுக்கு ஆறு எண்கள். இருபது முகமுள்ள பகடையை உருட்டி, செய்ய எண்ணியது கைகூடிற்றா என்று காண்பர். தாயம் உருட்டிப் பழகிய நம்மவர்க்கு அவ்வளவில் இது வியப்பன்று. வியப்பு யாதெனில், இதிலே வென்றவர் தோற்றவர் என்று எவரும் இல்லை. கதை தொடரும்வரை ஆட்டமும் தொடரும். பின்னர் கணினி வந்து கதை நடத்துபவரின் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டது. நாலைந்து பேர் வேண்டியிருந்த இடத்தில் தனியொருவன் போதுமானவன் ஆனான். ஊர்விட்டு ஊர் வந்து ஒற்றை அறையில் இருந்தவனுக்கு அது பெரிய வசதி.

கதை நடத்துபவரை ஆங்கிலத்தில் டஞ்சன் மாஸ்டர் என்பர். நிலவறைத் தலைவர் என்று மொழிபெயர்த்தால் சிறைச்சாலை அதிகாரிபோல் ஒலிக்கும். எங்கள் குழுவிலே யாம் அவரை அண்ணாவியார் என்றே அழைக்கின்றோம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் குரலையும் உடலையும் நோக்கி, இன்னார்க்கு இன்ன வேடம் என்று தீர்ப்பார். வேடக்காரன் பாட்டை மறந்தால் எடுத்துக்கொடுப்பார். ஆட்டம் தொய்ந்தால் தாளத்தை முடுக்குவார். இங்கும் அவ்வளவே. யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்திலே, ஒரே காத்தவராயனுக்கு இளமையில் ஒருவரும் நடுவில் ஒருவரும் கழுமரம் ஏறுங்காலத்தில் வேறொருவருமாக நடிகர் மாறி வருவர். விடியும்வரை விழித்திருக்கும் கிழவியர் எவரும் இதனாற் குழம்பியதில்லை. ஒரே பாத்திரத்தைப் பலர் தாங்கலாம் என்றால், ஒருவனே பல பாத்திரங்களைத் தாங்குவதில் என்ன தவறு? என் பிள்ளைகளுக்கு இவ்வாறு நியாயம் கூறியிருக்கின்றேன். ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

மாயக்கதை என்பது மேனாட்டார் தந்தது என எண்ணுவோரும் உளர். மணிமேகலையைப் பாடமாகக் கற்றோர் அவ்வாறு எண்ணார். காவிரிப்பூம்பட்டினத்து உவவனத்திலிருந்து ஒரு தெய்வம் ஓர் இளம்பெண்ணைத் துயிலிலே தூக்கிச் சென்று, மணிபல்லவம் என்னும் தீவில் விட்டுச் செல்கின்றது. கண்விழித்தவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. அங்கே ஒரு பீடிகையைக் கண்டு பழம்பிறப்பு உணர்கின்றாள். வான்வழிச் செல்லவும், வேற்றுருக் கொள்ளவும், பசி பொறுக்கவும் மூன்று மந்திரங்கள் பெறுகின்றாள். கோமுகிப் பொய்கையிலிருந்து, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகின்றது. இதனினும் சிறந்த ஒரு தொடக்கத்தை எந்தக் கணினி விளையாட்டிலும் யான் கண்டிலேன். மணிபல்லவம் நமது நயினாதீவே என்பது நம்மவர் பலரின் கொள்கை. அறிஞரிடையே வேறு கொள்கைகளும் உண்டு. தீவானாகிய யான் எந்தக் கட்சி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும், அக்காப்பியத்தில் என் மனத்திற் பதிந்த பகுதி மணிமேகலையுடையதன்று. அவளுக்கு முன்னர் அப்பாத்திரத்தை வைத்திருந்த ஆபுத்திரனுடையது. சாவக நாட்டிற் பஞ்சம் என்று கேட்டு, பசித்தோரைத் தேடிக் கப்பலேறியவன் அவன். காற்று மிகுந்ததனாற் கப்பல் மணிபல்லவத்தில் தங்க, அவன் கரையிறங்கினான். அவன் மீண்டும் ஏறிவிட்டான் என்று கருதிக் கப்பல் புறப்பட்டுவிட்டது. ஊட்டுதற்கு ஒருவரும் இல்லாத தீவில், பல்லுயிர் காக்கும் பாத்திரத்தைக் கொண்டு தன் வயிற்றை மட்டும் நிரப்ப மனமின்றி, அதனைப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தான். எங்கள் தமிழாசிரியர் இதனைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தார். கடைசி வாங்கிலிருந்து ஒருவன், அல்லைப்பிட்டியிலிருந்து வருபவன், "ஐயா, கப்பல்காரர் ஆக்களை எண்ணிப் பார்க்கேல்லையோ?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. "எண்ணவேணும், தம்பி" என்றார். அவ்வளவுதான் பாடம்.

யான் முதன்முதல் ஆடிய வேட விளையாட்டு, ரிச்சர்ட் கேரியட் என்பார் 1985 ஆம் ஆண்டில் வெளியிட்ட அல்டிமா என்னும் வரிசையின் நான்காம் பாகம். அது வெளிவந்து எட்டாண்டு கழிந்த பின்னர், பழம்பொருட் கடை ஒன்றில், பெட்டியோடு எனக்குக் கிடைத்தது. பெட்டிக்குள்ளே துணியில் அச்சிட்ட ஒரு தேசப்படமும், உலோகத்தாலாய ஒரு சின்னமும் இருந்தன. அத்துணிப்படத்தை என் அறைச்சுவரில் மாட்டினேன். அதிலுள்ளவை வடவைரோப்பியரின் பண்டை எழுத்துக்கள் ஆதலால், என்னைக் காணவந்த நண்பர் ஒருவர், அது நெடுந்தீவின் ஒல்லாந்தர் காலத்துப் படமோ என்று வினவினார். யான் மறுக்கவில்லை.

அவ்விளையாட்டிலே கொன்று முடிக்க வேண்டிய தலைப்பகைவன் என்று ஒருவன் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என எட்டு அறங்களிலும் தேறி, அவதாரம் என்னும் நிலையை எய்துவதே குறிக்கோள். சொல் நம்முடையது என்பதைக் கவனிக்க. கோயில்தோறும் சென்று, உரிய மந்திரத்தைச் சொல்லித் தியானிக்கவும் வேண்டும். எட்டு மந்திரங்களுள் ஒன்று ஓம். நாள்தோறும் காலைப் பிரார்த்தனையில் நின்று பழகிய நமது கல்லூரி மாணவனுக்கு இதிலே எளிதிற் சித்தி கிட்டும் என்று நினைத்தே தொடங்கினேன். அது அவ்வளவு எளிதன்று. மூலிகைச் சரக்கு விற்கும் கண்பார்வையற்ற பெண்ணொருத்தி அங்கு உளள். சரக்கை எடுத்துக்கொண்டு, காசை நாமே எண்ணி வைக்கவேண்டும். குறைத்து வைத்தாலும் அவள் அறியாள். விளையாட்டும் அவ்விடத்தில் ஒன்றும் சொல்லாது. உள்ளே மட்டும் கணக்கெழுதிக்கொள்ளும். நெடுநேரம் கழித்து, எங்கேயோ தொலைவில், வாய்மையில் உனக்கு இன்னும் தேர்ச்சி வரவில்லை என்ற விடை கிடைக்கும். அக்காலத்தில் யான் இரவுக் கடமை பார்த்த இடத்திலே, என் வேலைநேரத்தைக் குறைத்து எண்ணிச் சம்பளம் தரும் ஒருவர் இருந்தார். மொழி போதாமையாலும் வேறிடம் இல்லாமையாலும், யானும் ஒவ்வொரு வெள்ளியும் அவருக்கு நன்றி கூறியே அதனைப் பெற்றுக்கொண்டேன். விடியற்காலையில் அறைக்குத் திரும்பிக் கணினியைத் திறந்து, அப்பெண்ணிடம் ஒரு காசு கூட்டியே வைப்பேன். எங்கோ ஓரிடத்திலாவது கணக்குச் சரியாக எழுதப்படுகின்றது என்பதில் ஒரு நிறைவு.

மற்றொரு விளையாட்டைப் பற்றி விரித்துச் சொல்லவேண்டும். 2002 ஆம் ஆண்டில் பெதெஸ்டா நிறுவனத்தார் வெளியிட்ட மொறோவிண்ட் என்பது அது. எரிமலையை நடுவிற் கொண்ட ஒரு பெருந்தீவிலே கதை நிகழ்கின்றது. கைதியாகக் கப்பலிற் கொண்டுவரப்பட்டு, ஒரு மீன்பிடிக் குக்கிராமத்தின் இறங்குதுறையில் நாம் விடப்படுகின்றோம். கப்பலின் கீழ்த்தட்டிலே உடன் வந்த கைதி ஒருவன் முதலில் நம் பெயரைக் கேட்கின்றான். பின்னர் ஓர் அலுவலகத்திலே எழுதுவினைஞர் ஒருவர் நம் தொழில், பிறந்த இராசி ஆகியவற்றைக் கேட்டுப் பதிகின்றார். பத்திரங்களைக் கையிலே தந்து, கதவைத் திறந்து விடுகின்றார்கள். யாரும் எதிர்கொள்ள வரவில்லை. மழை தூறுகின்றது. எங்கே போவதென்று தெரியவில்லை. ஆட்டக்காரர் பலர் இத்தொடக்கத்தை அலுப்பென்று தாண்டிச் செல்வர். யான் அந்த எழுதுவினைஞர் முன் அரைமணி நேரம் நின்றேன். 1991 ஆம் ஆண்டு மாரியிலே, குளிர்ச்சட்டை இன்றி, இதே வினாக்களுக்கு ஒரு படிவத்தின் முன்னால் யான் விடை கூறியிருக்கின்றேன். அங்கே என் தந்தையார் பெயர் குடும்பப் பெயராயிற்று. என் சொந்தப் பெயரின் பின்பாதி, கட்டங்கள் போதாமையால் வெட்டுண்டது. இன்றும் என் அடையாள அட்டையில் இருப்பது முன்பாதியே. விளையாட்டின் எழுதுவினைஞரோ பெயர் சரிதானா என்று ஒருமுறை கேட்கின்றார், பிழையிருந்தால் திருத்தலாம். என் பெயர் முழுவதையும் தட்டெழுதினேன். இடம் போதுமாயிருந்தது.

அவ்விளையாட்டில் யான் மிகவும் விரும்புவது வழிகேட்டுச் செல்லும் முறை. பிற்காலத்து விளையாட்டுகளில், போகவேண்டிய இடத்தின்மேல் ஓர் அம்புக்குறி மிதக்கும். படத்தில் விரலை வைத்தால் அக்கணமே அங்கு தோன்றலாம். 2011 ஆம் ஆண்டில் வந்த ஸ்கைறிம் அவ்வகையினது; என் மகன் அதனை முடித்தபோது அந்நாட்டின் பாதைகளில் அரைப்பங்கேனும் நடந்திருக்கமாட்டான். மொறோவிண்டிலோ வழியைச் சொல்லிலே சொல்வர்: பாலத்தைத் தாண்டு, ஆறு பிரியுமிடத்தில் இடப்பக்கம் திரும்பு, பெரிய பாறை வரும். நம்மூரில் வழி சொல்வதும் இப்படித்தானே? மண்டைதீவுச் சந்தியில் இறங்கு. தரவையைப் பார்த்துக்கொண்டு நட. பனங்கூடல் முடியுமிடத்தில் திருவெண்காட்டுப் பிள்ளையார் கோவில் எங்கே என்று கேள். கோவிலடியில் நின்று எங்கள் வீட்டாரின் பெயரைச் சொல், யாரும் காட்டுவர். தெரியாவிட்டால் கேட்டுக்கொள் என்பது அவ்வழிகாட்டலின் பிரிக்க முடியாத கடைசி வரி. தொலைவு செல்வதற்கு அத்தீவிலே ஒரு பெரும்பூச்சியின் முதுகில் ஏறிச் செல்லலாம்; அதுவும் குறித்த தரிப்பிடங்களில் மட்டுமே நிற்கும். ஊர்காவற்றுறை வழிப் பேருந்தில் தொங்கிச் சென்ற எவர்க்கும் அது பழகிய வாகனமே. எந்த விளையாட்டாயினும் தாவிச்செல்லும் வசதியை யான் தொடுவதில்லை. ஒவ்வொரு பாதையையும் போகவும் வரவும் நடப்பேன். ஓர் ஊரைவிட்டுப் புறப்படுமுன் என் துணைவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்வேன். கணினி எவரையும் தவறவிடாது என்று பிள்ளைகள் சொல்வர். சொல்லட்டும்.

இனி, என்னோடு ஆடுவோர் எல்லாரையும் எரிச்சலூட்டும் ஒரு வழக்கம். இவ்விளையாட்டுகளில் வீரன் எவர் வீட்டுக்குள்ளும் நுழைவான். பேழை, பானை, அலுமாரி யாவற்றையும் துழாவுவான். கிடைத்ததைப் பையிற் போட்டுக்கொண்டு வெளியேறுவான். 1986 ஆம் ஆண்டில் யப்பானில் வெளிவந்த டிராகன் குவெஸ்ட் வரிசையில் இது ஒரு மரபாகவே ஊன்றிவிட்டது. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்றும் சொல்லார். சில விளையாட்டுகளில் வீட்டுக்காரர் இருந்தால் அது களவு. வீடு வெறுமையாயிருந்தால் களவன்று. யான் வெறுவீட்டில் ஒரு கரண்டியும் எடுப்பதில்லை. கதை நகர்வதற்கு ஒரு திறவுகோல் அங்கேதான் இருக்கின்றது என்றாற்கூட, வேறு வழி உண்டோவென்று இரண்டு இரவு தேடுவேன்.

1990 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அரச படையினர் தீவகத்திற் புகுந்தபோது, மண்டைதீவு மக்களுட் பெரும்பாலோர் கடல்வழியே குருநகர்க் கரை சேர்ந்தனர். கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்தது; பண்ணைத் தாம்போதியால் எவரும் போகமுடியாது. அதன் பின் இருபது ஆண்டுகள் யான் அவ்வூரைக் காணவில்லை. 2010 ஆம் ஆண்டிற் சென்றேன். எங்கள் வீட்டின் சுவர்கள் நின்றன. ஓடில்லை, தீராந்தியில்லை, கதவில்லை, கதவு நிலையுமில்லை, கிணற்றடியில் துலாவுமில்லை. நிலையைப் பெயர்த்த இடம், பல் விழுந்த வாய்போல் இருந்தது. எடுத்தவர் யாரென்று யான் விசாரிக்கவில்லை. அவர்க்கும் ஒரு கூரை வேண்டியிருந்திருக்கும். உள்ளே ஆடுகள் இரண்டு படுத்திருந்தன. என்னைக் கண்டும் எழவில்லை. அந்த வீட்டிற்கு அவையே அப்போது உரியவை போலும்.

சுமை வரம்பு என்று ஒரு விதியும் இவ்விளையாட்டுகளில் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் எடையும் விலையும் குறிக்கப்பட்டிருக்கும். வரம்பு மீறினால் ஓடமுடியாது, ஊர்ந்துதான் செல்லலாம். தேர்ந்த ஆட்டக்காரர் எடைக்கு விலை எவ்வளவு என்று வகுத்துப் பார்த்து, குறைந்ததை எறிவர். இவ்வகுத்தலை எவரும் எனக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. வள்ளம் வந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னபோது, என் தாயார் ஒரு பழஞ்சேலையில் எடுத்து முடிந்தவை இவை: காணி உறுதிகள், எங்கள் மூவரின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், என் பரீட்சைப் பெறுபேறு, கால்போத்தல் நல்லெண்ணெய், ஒரு மூக்குப்பேணி. கடைசிப் பொருளின் எடையையும் விலையையும் வகுத்துப் பார்த்தால் அது கரையிலேயே எறிய வேண்டியது. காணி உறுதிகள் இன்று என் தமையனாரிடம் உள்ளன. நல்லெண்ணெய் அந்த வாரமே முடிந்தது. மூக்குப்பேணி என் மேசைமேல் இருக்கின்றது. எந்த விளையாட்டிலும் என் பையிற் பயனற்ற பொருள் ஒன்று கிடக்கும். ஒரு முறை மரக்கிண்ணம், ஒரு முறை யாரோ ஒருவரின் பழங்கடிதம். அதற்காக நல்ல கேடயத்தைக்கூட விட்டுவந்திருக்கின்றேன்.

இவ்விடத்தில் இளைஞர் என்னைக் கோழை என்று ஏசும் ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகின்றேன். போரில் என் துணைவருள் ஒருவர் இறந்தால், ஆட்டத்தை நிறுத்தி, முன்னர்ச் சேமித்து வைத்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவேன். நேர்ந்ததை நேர்ந்ததாகவே ஏற்றுக்கொண்டு மேலே செல்வதே மானமுள்ள ஆட்டம் என்பது அவர்கள் கட்சி. அதற்கென்றே, சேமித்த இடத்துக்குத் திரும்ப முடியாதவாறு பூட்டிவைத்த முறைகளும் உண்டு. அவற்றை ஆடுவோரை யான் மதிக்கின்றேன். எனக்கு அது வேண்டாம். 1990 ஆம் ஆண்டு ஆகஸ்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதிகளிலே பிடித்துச் செல்லப்பட்ட ஆடவர் பலர் காணாமற் போயினர். அவர்தம் வீட்டார் இன்றும் விடை கேட்டுக்கொண்டிருக்கின்றனர். கப்பல்காரர் ஆட்களை எண்ணவில்லையோ என்று கேட்டவன் அவர்களுள் ஒருவன். மீட்க இயலும் ஓரிடத்தில் ஒருவனை விட்டுவிட்டு நடக்க என்னால் முடியாது. ஒரு பாலத்தடியில், ஒரே துணைவனுக்காகப் பதினேழு முறை திரும்பிச் சென்றிருக்கின்றேன். பதினேழாம் முறை அவன் பிழைத்தான். அன்று வேலைக்குப் பிந்தியே போனேன்.

வெறுப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். எலிகளைக் கொன்று அனுபவம் சேர்க்கும் தொடக்கங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அனுபவம் என்ற சொல்லுக்கு அது அவமதிப்பு. காசு கொடுத்தால் நல்ல வாள் தரும் விளையாட்டுகள் கொள்ளை வியாபாரம். நீண்ட காதுடைய வனதேவர் பேசும் நீண்ட பேச்சுக்களைத் தாண்டிச் செல்வேன். உணவு, மருந்து முதலியவற்றைச் செலவிடாமற் கடைசிவரை சேர்த்து வைப்பேன். ஆட்டம் முடியும்போது நூறு குப்பி மருந்து கையில் இருக்கும். சங்கக்கடை வரிசையில் நின்ற தலைமுறையினர் இதனைப் புரிந்துகொள்வர். ஆடும்போது வெறுந்தேநீரும் பனங்கட்டியும் வேண்டும். பனங்கட்டி ஊரிலிருந்து வந்ததாயின் அன்றைக்குப் பகடை நன்றாக விழும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு, பகுத்தறிவாளர் பொறுத்தருள்க.

நம்முடைய உலகத்தை வைத்து இவ்வாறு ஏதேனும் வந்துள்ளதா என்று கேட்போர்க்கு: உண்டு, இன்னும் சிலவே. இந்தியாவிலிருந்து 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த அன்றெஸ்ட் என்பதிலே, பஞ்சத்தில் வாடும் பீம்ரா என்னும் கற்பனை நகரில், குடியானவப் பெண் முதலிய எளியோர் பலராக மாறி மாறி வாழவேண்டும். வாளெடுப்பதைவிடப் பேசித் தப்புவதே அங்கு பெரும்பாடு. எனக்கு மிகவும் பிடித்தது. 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த தேர்ஸ்ரி சூட்டர்ஸ், இலங்கையிற் பிறந்த சந்தன ஏக்கநாயக்க என்பாரின் குழுவினர் ஆக்கியது. பழைய காதலரோடும் உறவினரோடும் நிகழும் சச்சரவுகளே அங்கு போர்களாம். என் வயதுக்கு ஏற்றதன்று. என் மகள் சிரித்துச் சிரித்து ஆடினாள். அதே ஆண்டில், யாம் வாழும் ரொறன்ரோவிலிருந்தே வந்தது வெண்பா. அது வேட விளையாட்டு அன்று. 1988 ஆம் ஆண்டிற் கனடாவுக்கு வந்த ஒரு தமிழ்த் தாயாகி, கிழிந்து மங்கிய சமையற் குறிப்புகளை ஊகித்துச் சமைக்கவேண்டும். பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் பரிசும் 2024 இல் அதற்குக் கிடைத்தது. புட்டு அவிக்கும் பகுதி வந்தபோது, என் மனைவியார் பின்னால் வந்து நின்று, மாக்குழைத்த பதத்தைப் பற்றித் தம் அபிப்பிராயத்தைத் தெரிவித்தார். முப்பது ஆண்டுகளில் அவர் என் திரையை நோக்கிப் பேசியது அதுவே முதற்றடவை.

2020 ஆம் ஆண்டில் நோய்த்தொற்றுக் காரணமாக எல்லாரும் வீட்டில் அடைபட்டபோது, வகுப்புத் தோழர் மூவர் மீண்டும் ஒன்றுகூடினோம்; திரையிலேதான். ஒருவர் இலண்டனில் உள்ளார். மற்றவர் யாழ்ப்பாணத்திலேயே ஆசிரியராயிருந்து இளைப்பாறியவர். சனிக்கிழமைகளில் ரொறன்ரோவிற் காலை ஒன்பது மணி. இலண்டனிற் பிற்பகல் இரண்டு. யாழ்ப்பாணத்தில் விளக்கு வைக்கும் நேரம். முதலில் அரட்டையடித்தோம். மூன்று கிழமையில் அரட்டை தீர்ந்துவிட்டது. அப்போது என் மகள், "நீங்கள் மூன்று பேரும் சும்மா இருக்கிறதுக்கு நான் ஒரு கதை நடத்தட்டோ?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளே எங்கள் அண்ணாவியார். இலண்டன் நண்பர் சங்கு குளிப்பவர். யாழ்ப்பாணத்து நண்பர் ஊர்ப் பரிகாரி. யான் களங்கட்டி வலைக்காரன். இருபது முகப் பகடையை மூவரும் அவரவர் மேசையிலேயே உருட்டுகின்றோம். பரிகாரியாரின் பகடை அளவுக்கு மீறி நன்றாக விழுகின்றது என்று ஒரு முறைப்பாடு உண்டு. 2025 ஆம் ஆண்டில் மண்டைதீவில் அனைத்துலகக் கிறிக்கெற் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும், அதனையும் கதையிற் சேர்க்குமாறு அவர் வற்புறுத்தினார். அண்ணாவியார் மறுத்துவிட்டார்.

என் மகள் கனடாவிற் பிறந்தவள். தீவைப் பற்றி அவள் என்னிடம் ஒருபோதும் கேட்டதில்லை, யானும் சொன்னதில்லை. கதை நடத்த ஒரு தேசப்படம் வேண்டும் என்று, ஒரு நாள் தாளும் பென்சிலுமாக வந்து அமர்ந்தாள். வீடு எங்கே, கிணறு எங்கே, வேலியில் என்ன மரம், கடல் எந்தப் பக்கத்தாற் தெரியும், இரவில் என்ன சத்தம் கேட்கும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். வீட்டு வாசலிலிருந்து கிணற்றடிக்கு எத்தனை காலடி என்று கேட்டபோது, என்னால் விடை சொல்ல முடியவில்லை. சிறுவனின் காலடியே எனக்கு நினைவில் இருந்தது. யாழ்ப்பாணத்து நண்பர் அடுத்த நாட் காலை மோட்டார் சைக்கிளிற் பண்ணையைக் கடந்து சென்று, நடந்து அளந்து, "முப்பத்தாறு. ஆடு குறுக்கே நின்றபடியால் முப்பத்தேழு" என்று அறிவித்தார். படத்தில் முப்பத்தாறு என்றே குறிக்கப்பட்டுள்ளது. ஆட்டையும் ஒரு மூலையில் வரைந்திருக்கின்றாள்.

கதை இப்போது எங்கே நிற்கின்றது என்பதைச் சொல்லி முடிக்கின்றேன். கடலுக்கு அப்பாலிருந்து ஏதோ ஒன்று வருகின்றது. என்னவென்று அண்ணாவியார் இன்னும் சொல்லவில்லை. இறங்குதுறையில் ஒரு வள்ளம் நிற்கின்றது. "வள்ளத்திலை எட்டுப் பேருக்குத்தான் இடம். துறையிலை பதினொரு பேர் நிற்கினம். என்ன செய்யப் போறியள்?" என்று அவள் கேட்டாள். மூன்று சனிக்கிழமைகள் சென்றுவிட்டன. இரண்டு தரமாக ஏற்றலாம் என்கின்றார் சங்கு குளிப்பவர். இரண்டாந்தரம் திரும்பி வரக் காற்று இடங்கொடாது என்று அண்ணாவியார் ஒற்றைச் சொல்லிற் கூறிவிட்டார். பனங்குற்றிகளைப் பிணைத்து மிதவை கட்டலாம் என்கின்றார் பரிகாரி. குற்றி தறிக்கப் பொழுது போதுமா என்பது பகடையைப் பொறுத்தது. என் பையிலுள்ள களங்கட்டித் தடிகளையும் கயிற்றையும் கணக்கிட்டுப் பார்த்தேன். மூவர் பற்றிக்கொண்டு வள்ளத்தின் பின்னால் மிதந்துவர, அவை ஒருவேளை போதும். வரும் சனிக்கிழமை காற்று மாறும் என்று அறிவித்தல் வந்திருக்கின்றது. அதற்கு முன் அந்தப் பதினொரு பேரின் பெயர்களையும் எழுதித் தரும்படி அண்ணாவியாரிடம் கேட்டிருக்கின்றேன்.